யாருக்கும் சொந்தமில்லாத நிறம்

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த ஃப்ளெக்ஸ் கடையில் அந்தப் படங்களுக்குச் சுழி என்று பெயர். பெயர் வைத்தவர் பேனர் கட்டுகிற அண்ணன். ஃப்ராக்டல் என்று நானும் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். "பிராக்கெட்டா?" என்று கேட்டார். பிறகு என் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, "மாட்டுக்குச் சுழி பாப்பாங்களே, அது மாரி இருக்குதும்மா" என்றார். எனக்கு அது உடனே பிடித்துப் போய்விட்டது. எங்கள் அப்பா மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் மாட்டின் நெற்றியையும் முதுகையும் தடவி மயிர் எப்படிச் சுற்றியிருக்கிறது என்று பார்ப்பார். அன்றைக்கே கம்ப்யூட்டரில் 'சுழி' என்று ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அதற்குள் தள்ளினேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இதை யாரும் கையால் வரைவதில்லை. இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருள். அதற்குச் சில எண்களைக் கொடுத்தால், ஒரு கணக்கில் அவற்றைப் போட்டு, வந்த விடையையே மறுபடியும் அதே கணக்கில் போட்டு, லட்சக்கணக்கான தடவை இதையே செய்துகொண்டிருக்கும். ஒவ்வொரு விடைக்கும் ஒரு புள்ளி. புள்ளிகள் சேரச் சேர ஏதோ ஒரு உருவம் எழும்பும். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதற்குள் அதே உருவம் சின்னதாக இருக்கும், அதற்குள்ளும் இருக்கும். நூறு உருவம் போட்டால் தொண்ணூறு குப்பை. மிச்சத்தில் ஒன்று வந்து நம்மை வேலை செய்யவிடாமல் அடிக்கும்.

இதில் உருவம் வேறு, நிறம் வேறு. கீழே ஒரு நிறப்பட்டை இருக்கும். அதை மாற்றினால் போதும், கண்ணை மூடித் திறப்பதற்குள் அதே சுழி நெருப்பாகவும் மாறும், தண்ணீராகவும் மாறும். அப்போது அது எனக்குப் பெரிய வித்தையாகத் தெரிந்தது. இப்போது அந்தப் பட்டையை நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

எனக்கு அந்தக் காலத்தில் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பின்னே என்ன? காலையில் வடக்கனந்தலிலிருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்து உட்கார்ந்தால் மாலை வரைக்கும் தாய்மாமன்களின் தலையை வெட்டி ஒட்டுவதுதான் வேலை. மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. எல்லாவற்றுக்கும் ஒரே ரோஜா, ஒரே சிவப்புத் திரைச்சீலை, அதே இரண்டு மயில். "எம்மூஞ்ச கொஞ்சம் கலரா பண்ணும்மா" என்று மாமன்காரர்கள் பின்னால் நின்று மூச்சு விடுவார்கள். அந்த நாற்காலியில் எனக்கென்று இருந்தது சுழி ஒன்றுதான். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒன்றை ரெண்டருக்குப் போட்டால், அதாவது பெரிய படமாக முழுசாகக் கணக்குப் போடவிட்டால், சாயங்காலம்தான் முடியும். அதுவரை கம்ப்யூட்டர் மூச்சிரைக்கும். "கரண்டு பில்ல நீ கட்டறியாம்மா?" என்பார் ஓனர். நான் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவேன்.

பேனர் கட்டுகிற அண்ணன் எங்கள் ஊர்க்காரர்தான். எங்கள் ஊர் என்றால், எங்கள் ஊரைத் தாண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனி. கடையில் அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், வாய் நிறையக் கூப்பிடுவேன். ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அந்த அண்ணா தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். பெட்டிக்கடையில் எங்கள் பெரியப்பா உட்கார்ந்திருப்பார் இல்லையா? தலையை லேசாக ஆட்டிவிட்டு நான் இந்தப் பக்கம் போவேன், அண்ணன் அந்தப் பக்கம் போவார். அவர் அதை ஒருநாளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எடுத்துக்கொண்டிருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு கோடை விழாவுக்குக் கல்வராயன் மலையில் கரியாலூரில் பேனர் கட்ட ஆர்டர் வந்தது. அதிகாரி ஒருவருடைய பெயரில் நான் ஒரு எழுத்தை விட்டுத் தொலைத்திருந்தேன். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதற்காக நானும் லோடு வண்டியில் ஏறிப் போனேன். மலைப்பாதையில் வளைந்து வளைந்து போகும்போது அந்த அண்ணன் சொன்னார். "கீழ இருந்து பாத்தா ஒரே மலதான். ஏறஏற அதுக்குள்ள ஒன்னு, அதுக்குள்ள ஒன்னுன்னு வந்துகினே இருக்குது. உங்க சுழி மாரியே கீதும்மா." மென்பொருளோடு வந்த விளக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது. வேலை முடிந்து நிமிர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எதிரே மலைகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நீலமாக நின்றன. முன்னால் இருந்தது கறுநீலம், கடைசியில் இருந்தது ஆகாயத்தோடு ஆகாயமாக வெளுத்த நீலம். போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து, மறுநாள் அந்த நீலங்களை வரிசையாக நிறப்பட்டையில் அடுக்கினேன். நான் போட்டதிலேயே நல்ல சுழி அதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகு அப்படி ஒன்று எனக்கு வரவே இல்லை.

அந்த அண்ணன் அதைத் தன் போனில் வாங்கிக்கொண்டு போனார். அவர் மகள் கள்ளக்குறிச்சியில் ஒரு ரெடிமேட் துணிக்கடையில் வேலை பார்த்தாள். அவள் அதைத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டாளாம். கொஞ்ச நாளில் அவளுக்கு எலவனாசூர்கோட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. அண்ணன் ஒரு மதியம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"எம்பொண்ணு ஒன்னு கேக்குதும்மா. கண்ணாலத்துக்கு அந்த நீலச் சுழிதான் வோணுமாம். அது நடுவுல அவ பேரும் மாப்ள பேரும் வரணுமாம். தெருவுல எல்லாருக்கும் அந்த ரோஜாப்பூவுதான, எனக்கு யாருக்கும் இல்லாதது வோணும்ன்றா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் படம் வேண்டும் என்று உலகத்தில் முதல் முதலாக ஒரு ஆள் கேட்கிறாள். காசெல்லாம் வேண்டாம், ஓனரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். திரையில் தெரிகிற நீலம் ஃப்ளெக்ஸில் அப்படியே வராது, ஊதாவாகத் திரும்பிவிடும். கழிவுத் துண்டுகளில் அடித்து அடித்துப் பார்த்து, மையைக் கூட்டிக் குறைத்து, கடைசியில் ஒரு துண்டில் கரியாலூர் நீலம் வந்தேவிட்டது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "இதாம்மா, இதேதான்" என்று சொல்லி, மகளுக்குக் காட்ட மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இட ஒதுக்கீட்டுக்காக எங்கள் ஆட்கள் போராட்டத்தில் இறங்கியிருந்த சமயம் அது. ஒருநாள் மறியல், ஒருநாள் கிராம நிர்வாக அலுவலகத்தில் மனு, ஒருநாள் ஆர்ப்பாட்டம். கோரிக்கை தப்பு என்று நான் சொல்லவில்லை, அன்றும் சொல்லவில்லை இன்றும் சொல்லவில்லை. நானே அரசாங்கப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள். கிடைத்தால் எனக்கும்தானே? ஆனால் அந்த மாதங்களில் ஊரில் நிறங்களுக்கெல்லாம் திடீரென்று வாய் முளைத்துவிட்டது. மஞ்சளும் சிவப்பும் நாங்கள். நீலம் என்றால் காலனி. ஒருவன் என்ன சட்டை போட்டிருக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் டீக்கடையில் பேச்சையே ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர்ப் பையன்கள் பேனர் போடக் கடைக்கு வந்தார்கள். முன்னால் நின்றவன் என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை. கல்யாணப் பேனர் என் திரையில் திறந்திருந்தது. பெயர் இன்னும் போடவில்லை, வெறும் நீலச் சுழி மட்டும்.

"இன்னாக்கா இது, சூப்பரா கீது. யாருக்கு நீலம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஓனர் முந்திக்கொண்டார். "யாருக்கும் இல்லப்பா, சும்மா சாம்பிள்."

"அப்ப நீலத்தத் தூக்கிட்டு நம்ம கலரப் போடுக்கா. பேனரு ஃபுல்லா இதான் வரணும்."

இல்லை, இது ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வேறு சுழி எத்தனையோ இருந்தது, ஃபோல்டர் நிறைய இருந்தது. நான் நிறப்பட்டையை மாற்றினேன். அவ்வளவுதான். கரியாலூர் மலை முழுக்கப் பற்றி எரிகிற மாதிரி மஞ்சளும் சிவப்புமாகத் திரையில் எழும்பியது. பையன்கள் எல்லாரும் சேர்ந்து கைதட்டினார்கள். சொன்னால் அசிங்கம், அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் படத்துக்கு யாராவது கைதட்டி நான் பார்த்ததே இல்லையே.

போகும்போது தம்பி என் பக்கம் குனிந்து, "நீலத்துல எதுவும் இப்ப ரோட்டு மேல வராம பாத்துக்கக்கா. பசங்க சூடா கீறானுங்க" என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னான். அவர்கள் போனதும் ஓனர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பாத்து செய்ம்மா" என்றார். நீலம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. அதனால்தான் இதில் வேறு யார் மேலும் பழியைப் போட எனக்கு வழியில்லாமல் இருக்கிறது.

மஞ்சள் பேனர் மறுநாளே அடித்தாகிவிட்டது. பத்துக்கு எட்டு. நான்குமுனைச் சந்திப்பில் கட்ட வேண்டும். கட்டுவதற்கு எங்கள் கடையில் இருக்கிற ஆள் ஒருவர்தானே? நான் தேங்காய் வாங்கப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போனேன். அவர் சவுக்குக் கட்டைமேல் ஏறி நின்று மூலைக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்கு நேரே அந்தச் சுழி. மகளுடைய போனில் தினமும் பார்க்கிற உருவம், நிறம் மாறினால் தெரியாமல் போகுமா? போராட்டத்துப் பையன்கள் கீழே நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"லெவல் செரியா கீதாம்மா?" என்று மேலிருந்து கேட்டார்.

இடது பக்கம் கொஞ்சம் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். தூக்கிக் கட்டினார்.

அவருடைய பேனர் இன்னும் மீதியிருந்தது. நீலத்தில் விடக்கூடாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அந்தப் பேனர் ரோட்டோரம், காலனிக்குத் திரும்புகிற முனையில் நிற்கப் போகிறது. யாராவது குடித்துவிட்டு வந்து கிழித்தால்? கல்யாண வீட்டில் கைகலப்பானால்? அவர்களுக்காகத்தான் மாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதி, அதை அடித்தது இந்த வீட்டுப் பெண் என்று பெட்டிக்கடையில் பேச்சு வந்துவிடக்கூடாது என்கிற பயம்.

சரி, வேறு எந்த நிறம்? உட்கார்ந்து தேடினேன் பாருங்கள், அதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிவப்பும் கறுப்பும் சேர்ந்தால் ஒரு கட்சி. அதற்கு நடுவே வெள்ளை வந்தால் இன்னொரு கட்சி. பச்சை போட்டால் ஒருவருக்கு ஆகாது, காவி போட்டால் வேறொருவருக்கு ஆகாது. ரோஸ் போட்டேன், கோழிக்குடல் மாதிரி இருந்தது. ஊதா போட்டால் நீலத்தை ஒளித்துவைத்த மாதிரியே தெரிந்தது. மென்பொருளில் நூற்றுக்கணக்கான நிறப்பட்டைகள் இருந்தன. எங்கள் ஊரில் எந்த நிறமும் சும்மா இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு கொடியும், நாலு ஆளும், ஒரு பகையும் இருந்தது. கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று அகப்பட்டது. சாம்பல்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நாங்கள் போடுகிற பின்னணி அதுதான் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வாரத்துக்கு எத்தனை அடித்திருக்கிறேன். இது சாம்பல் இல்லை, சில்வர் என்று மனதுக்குள் பூசி மெழுகி, பெயர்களை மட்டும் தங்க நிறத்தில் போட்டு மெஷினுக்கு அனுப்பினேன்.

அண்ணன் வந்து தரையில் விரித்துப் பார்த்தார். உள்ளங்கையால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். ஓரமாக நின்ற மெஷினைப் பார்த்தார்.

"இன்னாம்மா, நீல இங்க் தீந்துடுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். எனக்கு அதுகூடத் தோன்றவில்லை. "பிரச்சன வரக்கூடாதுன்னுதாண்ணா" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியே குந்தி உட்கார்ந்திருந்தவர், "அதுவும் செரிதான்" என்றார். பிறகு பேனரைப் படம் உள்ளே போகிற மாதிரி நிதானமாகச் சுருட்டிக்கொண்டே, "பொண்ணுக்குத்தான் இன்னா சொல்றதுன்னு தெர்ல. அந்தத் துண்ட பீரோவுல வச்சிக்கினு கீறா" என்றார்.

நான் அவரைப் பார்க்காமல் ஒரு தாய்மாமன் தலையை வெட்டத் தொடங்கினேன். கோபம் கோபமாக வந்தது. அவர் ஏன் சண்டை போடவில்லை என்று அவர்மேல் கோபம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, திரும்ப நீலத்திலேயே அடித்துக் கொடுத்திருப்பேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். திட்டு வாங்குகிற வேலையையும் அவரே எனக்கு ஏற்பாடு செய்து தர வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன், எவ்வளவு திமிர் எனக்கு.

கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. அன்று காலை பஸ் ஏறப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்தேன். அத்தனை வருஷம் அதே ஊரில் இருந்து அன்றைக்குத்தான் அந்தத் தெரு முனையில் முதல் முறையாகக் கால் வைக்கிறேன். கோயிலில் தாலி கட்டி முடித்து, மேளத்தோடு பெண்ணும் மாப்பிள்ளையும் வந்துகொண்டிருந்தார்கள். பந்தலுக்கு முன்னால் பேனர் நின்றது. வெயிலில் அது இன்னும் வெளுத்திருந்தது. பக்கத்தில் கொட்டாய் போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். மாலையைப் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "நீங்கதான அக்கா? அப்பா சொல்லிக்கினே இருக்கும்." பிறகு பேனரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "ஏங்க்கா, எனக்கு மட்டும் கலரே இல்லாம போட்டுட்டீங்க?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி பின்னால் நின்று, "அதான நானும் பாக்கறன். காரியத்துக்கு ஒட்டற போஸ்டராட்டம் இருக்குது, கண்ணாலத்துக்கு யாருனா இத வைப்பாங்களா?" என்று சத்தமாகவே சொன்னாள். பெண்ணின் முகம் அப்படியே தொங்கிப் போனது.

"உங்குளுக்குத் தெரியாதும்மா" என்று அண்ணனின் குரல் கேட்டது. சந்தனக் கிண்ணத்தோடு அவர் நடுவில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. "மெட்ராசுல பெரிய பெரிய மண்டபத்துல எல்லாம் இப்ப இதான். சில்வரு. ரேட்டும் ஜாஸ்தி. எம்பொண்ணுக்குன்னு இந்தம்மா தனியா உக்காந்து போட்டுக் குடுத்துச்சு, காசுகூட வாங்கல." மகளைப் பார்த்து, "உனுக்கு யாருக்கும் இல்லாதது வோணும்ன இல்ல?" என்றார்.

அந்தப் பெண் நம்பிவிட்டாள். முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பேனருக்கு முன்னால் நிறுத்தி, முழுசாக விழுகிற மாதிரி எடுக்கச் சொல்லிப் போட்டோக்காரரைக் கூப்பிட்டாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேருக்கு நடுவில் துடைக்கவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை. அண்ணன் சந்தனக் கிண்ணத்தை என் முன்னால் நீட்டியவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை வீட்டு அம்மாளுக்கும் கேட்கிற மாதிரி, "வெறகுப் பொக இந்தப் பக்கமே அடிக்குது, கண்ணு எரியும். கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார்.